கை மட்டும் தெரியும் மாயாவி

எங்கள் ஊரில் விளைவது கரண்ட். பூமியைப் பெயர்த்துப் பழுப்பு நிலக்கரியை எடுத்து, எரித்து, மின்சாரமாக்கி ஊர் ஊராக அனுப்பும் நெய்வேலியில், ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சைக்கிள் கேரியரில் சில நாள் ஒரு முத்து காமிக்ஸ் செருகியிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் இரும்புக்கை மாயாவியைக் கொண்டாட எங்களுக்குத் தனி உரிமை உண்டென்றே நம்பினோம்.

1972-ல் சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகன் அவன். ஆனால் பிறந்தது 1962-ல், 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழில். நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியதும் அதே வருடம்தான்.

ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, உலோகக் கை பொருத்திக்கொண்ட உதவியாளன் லூயிஸ் கிராண்டல். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைவான். கை மட்டும் மறையாது. ஒவ்வொரு முறையும் ஷாக் வாங்கியாக வேண்டும். கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். சூப்பர்மேனுக்கு எல்லாம் முடியும், அதனாலேயே அவனுக்காக நான் பயந்ததில்லை. மாயாவிக்காகப் பயந்திருக்கிறேன். இந்தக் குறையை வைத்துக் கதை கட்டியவர் கென் புல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசுஸ் பிளாஸ்கோ. அவருடைய ஒரு கட்டத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். அடர்ந்த கறுப்பில் ஓர் அறை. அந்தரத்தில் ஒரு கை. மணிக்கட்டோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. கணுக்களில் மட்டும் வெள்ளையாகச் சின்ன மினுமினுப்பு. முகமே இல்லாத நாயகனின் கோபத்தை இறுகிய முஷ்டியிலும், தயக்கத்தைப் பாதி மடிந்த விரல்களிலும் காட்டிவிடுவார். இவ்வளவு பேசும் கையை வேறு எந்தக் காமிக்ஸிலும் நான் பார்த்ததில்லை.

ஆங்கிலத்தில் அவன் பெயர் 'ஸ்டீல் கிளா'. அதை எஃகு நகம் என்று பெயர்த்திருந்தால் யார் சீந்தியிருப்பார்கள்? பாட்டி சொன்ன கதைகளிலேயே எங்களுக்குப் பழகியிருந்த 'மாயாவி'யை இரும்புக்கையோடு கோத்தவருக்கு ஒரு கும்பிடு.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் இதழ்கள் எழுதியவர், வரைந்தவர் பெயரைப் போடுவதில்லை. அதனால் எங்களுக்கும் தெரியவில்லை. 1984-ல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸில் இன்னொரு பிரிட்டிஷ் நாயகனான ஸ்பைடர் வந்து அடுத்த தலைமுறையைக் கட்டிப்போட்டான். அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் சாகசங்களில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்து, 130 டாலருக்கு உரிமையை விற்ற அதே சீகல். வெகுகாலம் கழித்து இதைப் படித்தபோது, சிறுவயதில் அவர் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல் போனோமே என்று வருத்தமாக இருந்தது.

ஒரு நாள் அப்பா, மாயாவி மின்சாரத்தைத் தொடும் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கரண்ட்டோடு விளையாடாதே என்று திட்டப்போகிறார் என நினைத்தேன்.

"கை இரும்பு, அதனால நேரா உள்ள ஏறும். அது சரிதான். எத்தனை வோல்ட்டுன்னுதான் போடல" என்றார். பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்து அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.