வரலாறு இல்லை

வங்கிகள் நம்மை எடைபோட எடுத்துப் பார்க்கும் சிபில் அறிக்கையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். அதுவும் ஒரு வாழ்க்கை வரலாறுதான். பெயர், பிறந்த தேதி, முகவரி. பிறகு வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய நாள்கள் என்று மாதவாரியாகப் போகும். 300-க்கும் 900-க்கும் இடையில் ஒரு மதிப்பெண்ணும் இருக்கும். ஒருவர் பெயரில் கடனே பதிவாகவில்லை என்றால் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘என்ஹெச்’ என்று வரும். ‘வரலாறு இல்லை’ என்று அர்த்தம். தென்காசியில் மூன்று முறை கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்து, மூன்று முறையும் மறுக்கப்பட்ட பிறகு, என் அறிக்கையில் நான் பார்த்தது அதைத்தான்.

தமிழ் இலக்கிய வரலாறு படித்தவளுக்கு இது புதிய வாசகமல்ல. பெண்கள் எழுதவில்லை என்றுதான் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதியதை யாரும் பத்திரப்படுத்தவில்லை என்பதல்லவா விஷயம்? அம்பையும் அவருடைய தோழிகளும் 1988-ல் மும்பையில் ‘ஸ்பேரோ’ ஆவணக் காப்பகத்தைத் தொடங்க வேண்டியிருந்தது அதனால்தான்.

என் அம்மா சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றியவள். கடன் வாங்காத வருஷம் அவளுக்குக் கிடையாது. மளிகைக் கடையில் பற்று, பக்கத்து வீட்டில் கைமாற்று, ஏலச்சீட்டு, அடகுக்கடையில் கம்மல், மகளிர் குழுவில் கடன். எல்லாவற்றையும் திருப்பிக் கட்டினாள். கம்மல் மட்டும் நாலைந்து முறை போய்த் திரும்பியது. இவற்றில் எதற்கும் அந்த அறிக்கையில் கட்டம் இல்லை. குழுக்கடன் வங்கிக் கடன்தானே என்று கேட்கலாம். ஆனால் கணக்கு குழுவின் பெயரில். உறுப்பினர் ஒவ்வொருவரின் விவரத்தையும் சேகரித்துத் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது 2016-ல். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுத் திட்டம் தருமபுரியில் தொடங்கியதோ 1989-ல். இடைப்பட்ட கால் நூற்றாண்டு, வாரம் தவறாமல் கட்டிய பெண்களின் நாணயம் குழு நோட்டோடு நின்றுவிட்டது. குற்றாலத்தில் சாரல் மாதங்களில் பழம் விற்று, மிச்ச மாதங்களைக் கடனில் ஓட்டும் பெண்களுக்கு அந்த நோட்டும் இருக்குமா என்று தெரியவில்லை. வங்கி பார்க்காத இடத்தில் கந்துவட்டிக்காரர் பார்க்கிறார். 2017-ல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது இந்தப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது.

எனக்கு வந்த மறுப்புக் கடிதமும் வாசிக்க வேண்டிய பிரதிதான். ‘எங்கள் உள்விதிகளின்படி தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.’ செயப்பாட்டுவினை, ஏற்காதவர் யார் என்று இல்லை. ஏன் ஏற்கவில்லை என்றும் இல்லை. மறுப்புக்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் கடன் அட்டை நெறிமுறை. ‘உள்விதி’ ஒரு காரணமா? மாணவிகள் யாராவது இப்படி ஒரு கடிதம் பெற்றால், அந்த நெறிமுறையைக் குறிப்பிட்டுப் பதில் எழுதிக் கேளுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் ‘விசாரணை’ என்று ஏறும். அடுத்தடுத்து விண்ணப்பித்தால், இவள் பணத்துக்குப் பறக்கிறாள் என்று அதற்கு அர்த்தம் சொல்வார்கள். கதவைத் தட்டியதே குறையாகிவிடுகிறது.

அப்போது நான் கௌரவ விரிவுரையாளர். வருஷத்துக்குப் பதினொரு மாதச் சம்பளம், மே மாதம் கௌரவம் மட்டும். விண்ணப்பத்தில் ‘நிரந்தரப் பணியா?’ என்ற கேள்விக்கு முன்னால் என் முனைவர் பட்டம் செல்லவில்லை. வங்கியில் ஓர் இளைஞர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “மேடம், சார் கார்டுலயே ஒரு ஆட்-ஆன் போட்டுரலாமே.” வரம்பு சாருடையது, பில் சாருக்குப் போகும், நான் புத்தகம் வாங்கினாலும் சேலை வாங்கினாலும் சார் வாசிப்பார். அமெரிக்காவில் மணமான பெண்ணிடம் கணவன் கையெழுத்தைக் கேட்கும் வங்கி வழக்கத்துக்கு எதிராக 1974-ல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. இங்கே அதைச் சிரித்த முகத்தோடு யோசனையாகச் சொல்கிறார்கள்.

கடைசியில் கார்டு கிடைத்தது. வழி இதுதான்: ஐம்பதாயிரம் ரூபாயை வைப்புநிதியில் போட்டேன், அதை ஈடாக வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் வரம்புள்ள கார்டு கொடுத்தார்கள். என் பணத்தை அடகு வைத்து, அதைவிடக் குறைந்த என் பணத்தையே கடன் என்று வாங்கிக்கொண்டேன். இதற்குப் பெயர் ‘அனுமதி’. கேலிக்குரியதுதான், ஆனாலும் இந்த வழி வேலை செய்கிறது. சில மாதங்களில் ‘என்ஹெச்’ போய் ஒரு எண் வந்தது. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால் போதும் என்று பில் ஆசை காட்டும். மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். அதற்குக் கம்மல் வைக்கும் கடையே தேவலாம். ஈடு வைக்க ஐம்பதாயிரம் இல்லாத பெண்ணுக்கு இந்த வழியும் இல்லை.

கடன் என்ற சொல்லைப் புறநானூற்றில் பொன்முடியார் கடமை என்ற பொருளில் கையாள்கிறார். அந்தப் பொருளில் பெண் பெயர் எந்தக் காலத்திலும் பதிவாகாமல் இருந்ததில்லை.

சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வகுப்பில் மாணவிகளை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பலருக்கு ஒன்றும் இல்லை. சிலருடைய வரலாறு கல்விக்கடனில் தொடங்கியிருந்தது. படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை ஆரம்பிக்கும். அதற்குள் கல்யாணம் பேசி முடித்துவிடுவார்கள். “மாப்பிள்ளை வீட்ல லோன் இருக்குன்னு சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்காங்க மிஸ்” என்றாள் ஒருத்தி. அப்பா கட்டுவாரா, இவள் கட்டுவாளா என்று அந்த வீட்டில் இன்னும் யாரும் பேசவில்லை. தவறினால் பதிவாகப்போவது இவள் பெயரிலும்தான்.