வக்ஃபும் வகுப்பறையும்: நம் கல்விக் கொடைகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டு வாணிபம் செய்த முஸ்லிம் தனவந்தர்கள் கல்விக்கு ஆற்றிய தொண்டு, தமிழக முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு தனி அத்தியாயமாகும். வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கத்தின் முயற்சியால் இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் மலர்ந்தது. தோல் வணிகரான காகா முஹம்மது உமர் சாஹிப் 1924இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவினார். ஆம்பூரில் மழ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் தோன்றியது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானபோது, இம்மூன்றும் அப்புதிய மாவட்டத்தின் கல்விச் செல்வங்களாயின.

இம்மரபு போற்றுதலுக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் போற்றுதல் வேறு, மதிப்பீடு வேறு. கல்விக் கொடையைப் பற்றி நாம் எவ்வாறு எண்ணுகிறோம் என்பதை அறிய வேண்டுமாயின், அது பற்றி நாம் எழுதும் எழுத்துகளைப் படித்தல் வேண்டும். ஆண்டு மலர்கள், நிதி வேண்டுகோள்கள், அடிக்கல் நாட்டு விழா அழைப்பிதழ்கள் ஆகியனவும் ஒரு வகை இலக்கியமே. எந்தவொரு நிறுவனத்தையும் சுட்டாது, அவ்வெழுத்து வகையை மட்டுமே ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோம்.

இவ்வகை மலர்களில் சில செய்திகள் தவறாது இடம்பெறும். எத்தனை சதுர அடியில் கட்டடம் எழும்பியது, எத்தனை வகுப்பறைகள், எத்தனை கணினிகள், எத்தனை பிள்ளைகளுக்குச் சீருடை, எந்த வள்ளல் எவ்வளவு வழங்கினார் என்பன அவை. சில செய்திகள் தவறாது விடுபடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பத்தியைத் தடையின்றிப் படிக்கின்றனர்? ஓர் ஆசிரியர் சராசரியாக எத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்கிறார்? இடையில் நின்ற பிள்ளைகள் எங்கே சென்றனர்? கொடுத்ததைக் கணக்கிடும் அம்மொழி, பெற்றதைக் கணக்கிடுவதில்லை. வள்ளலின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. பிள்ளையின் பெயரோ வருகைப் பதிவேட்டோடு நின்றுவிடுகிறது.

இஸ்லாமிய மரபு இவ்வாறு கணக்கிட்டதா? பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்து வீரர்களுள் ஈட்டுத்தொகை செலுத்த இயலாத, எழுதத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பதின்மருக்கு எழுத்துக் கற்பித்து விடுதலை பெற்றனர் என்பது ஸீரா நூல்கள் கூறும் செய்தி. இதனை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். ஆனால் அதன் நிபந்தனையை ஊன்றி நோக்குவதில்லை. இத்தனை நாள் கற்பித்தால் போதும் என்றோ, இத்தனை பலகைகள் வாங்கித் தந்தால் போதும் என்றோ அங்கு வரையறுக்கப்படவில்லை. இப்னு ஸஅதின் நூல் தரும் செய்தியின்படி, சிறுவர்கள் தேர்ச்சி பெறுதலே ஈடாகக் கொள்ளப்பட்டது. கற்பித்தவனின் உழைப்புக்கு அளவுகோல் கற்றவனின் எழுத்தாயிருந்தது.

மனிதன் மறைந்த பின்னும் அறுபடாத நன்மைகள் மூன்றெனக் கூறும் நபிமொழியும் இவ்வாறே கருதத்தக்கது. நிலைத்த தர்மம் ஒன்றாகவும், பயன் பெறப்படும் கல்வி மற்றொன்றாகவும் அதில் தனித்தனியே எண்ணப்படுகின்றன. பள்ளிக் கட்டடம் முதலாவதில் அடங்கலாம். அதனாலேயே இரண்டாவதும் நிறைவேறிவிட்டதெனக் கொள்வதற்கில்லை. அங்கே கல்வியைச் சிறப்பிக்கும் சொல் ‘பயன் பெறப்படுதல்’ என்பதை மறத்தலாகாது.

வக்ஃபின் நுட்பமும் இதுவே. மூலப்பொருளைத் தடுத்து வைத்து, அதன் விளைவை ஓயாது செலவிடுவதே வக்ஃப் ஆகும். மம்லூக்கியர் காலக் கெய்ரோவில் அநாதைச் சிறுவருக்கென எழுந்த மக்தப்களின் வக்ஃபுப் பத்திரங்கள் இன்றும் ஆய்வாளரால் பயிலப்படுகின்றன. எத்தனை சிறுவர், ஆசிரியருக்கு என்ன ஊதியம், பிள்ளைகளுக்கு உணவுக்கும் உடைக்கும் என்ன, மைக்கும் பலகைக்கும் என்ன என்பன அவற்றில் வரையறுக்கப்பட்டிருந்தன. இச்செலவை நிலமும் கடைகளும் ஈட்டித் தந்தன. எகிப்தின் இவ்வறக்கட்டளைகள் இராக்கிலிருந்தும் மக்ரிபிலிருந்தும் மாணவரை ஈர்த்ததை இப்னு கல்தூன் பதிவு செய்கிறார். கைரவானும் குர்துபாவும் வீழ்ந்தபின் மக்ரிபில் கற்பித்தலின் ஸனத், அதாவது ஆசிரியத் தொடர், அறுந்துபோனதையும் அவரே கூறுகிறார். ஸனத் அறுந்த இடத்தில் கட்டடம் எஞ்சியிருப்பினும் கல்வி எஞ்சுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆசிரியர் மாறும் பள்ளியில் நிகழ்வதும் அதுவே.

நம் காலத்தில் இந்நுட்பத்தை உணர்ந்தவர் குவைத் மருத்துவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸுமைத் (1947–2013). 1981 முதல் ஆப்பிரிக்காவின் வறிய சிற்றூர்களில் பள்ளிகளும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் அமைப்பதில் தம் வாழ்வைச் செலவிட்டார். 1996இல் மன்னர் ஃபைஸல் பரிசு கிட்டியபோது, அத்தொகையை ஆப்பிரிக்கச் சிறாரின் கல்விக்கான வக்ஃபாக ஆக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஒரு கட்டடத்தோடு முடிந்துபோகாது, ஆண்டுதோறும் விளையும் நிதியே அவருக்கு வேண்டியிருந்தது.

நிதி ஓயாது வந்தால் மட்டும் போதுமா என்பது அடுத்த வினா. மேற்குக் கென்யாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் 1990களில் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டன. அதன் விளைவை மைக்கேல் கிரெமர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டனர். சராசரி மதிப்பெண் உயரவில்லை. முன்னரே நன்கு கற்றுவந்த சிறுபான்மையினர் மட்டுமே பயனடைந்தனர். காரணம் எளிது. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அப்பிள்ளைகளில் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி.

இச்செய்தி ஆப்பிரிக்காவோடு நின்றுவிடுவதன்று. வீட்டில் உருது, தெருவில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம், மாலை மக்தபில் அரபு எனும் நிலையில் வாணியம்பாடி, ஆம்பூர்ப் பிள்ளைகள் பலர் வளர்கின்றனர். காலணித் தொழிலகங்களுக்கு விடியலில் புறப்படும் தாய்மார், மாலையில் இந்நான்கு மொழிகளில் எதனைச் சொல்லித்தருதல் கூடும்? ‘ஆங்கில வழி’ என்னும் பலகையைப் பள்ளி வாயிலில் மாட்டுவதையே தரத்தின் அடையாளமாகக் கொள்ளும் நம் மலர்கள், கென்யாவின் பாடத்தை இன்னும் படிக்கவில்லை.

எது பயன் தந்தது என்பதற்கும் சான்றுண்டு. 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும், பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அந்தந்தப் பகுதி இளம்பெண்களைக் கொண்டு அவரவர் நிலைக்கேற்ப எழுத்தும் எண்ணும் கற்பிக்கப்பட்டன. அப்பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் காணப்பட்டது. பின்னர் இம்முறை ஸாம்பியாவின் அரசுப் பள்ளிகளுக்கும் சென்றது. இதற்குத் தேவை பளிங்குக் கட்டடமன்று. பயிற்சியும் மாத ஊதியமும் மேற்பார்வையுமே. பன்னிரண்டாம் வகுப்பும் பட்டமும் முடித்து வீட்டிலிருக்கும் பெண்மக்கள் நம் மஹல்லாக்களில் இல்லையா?

இனி இரு மறுப்புகள் எழலாம். கல்வி அரசின் கடமையன்றோ என்பது ஒன்று. ஆம், அரசின் கடமையே. ஆனால் சிறுபான்மையினருக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகையை முதல் எட்டு வகுப்புகளுக்கு ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. சட்டம் விலக்களித்தது என்பதற்காக அறமும் விலக்களித்ததாகாது. நம் பள்ளிகளின் வாயில் ஏழைக்குத் திறந்திருப்பது இப்போது நம் மனத்தையே பொறுத்தது.

ஆசிரியர் ஊதியம் முடிவற்ற சுமை, கட்டடமோ ஒரே முறைச் செலவு என்பது மற்றொன்று. வக்ஃப் தோன்றியதே அம்முடிவற்ற சுமையைத் தாங்குவதற்குத்தான். ஒரு வள்ளல் பத்து அறைகளைக் கட்டுவதற்கு மாறாக ஐந்து அறைகளும் வாடகை தரும் ஐந்து கடைகளும் கட்டி, அவ்வாடகையை ஆசிரியர் ஊதியத்துக்கென எழுதிவைத்தால், அவர் மம்லூக்கியர் மரபின் வாரிசாவார்.

கூறாதொழிய இயலாத ஒன்றும் உண்டு. தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் நீரும் நிலமும் கெட்டதை வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் உறுதிசெய்து, பாதிக்கப்பட்டோர்க்கு இழப்பீடு வழங்க வழிவகுத்தது. இழப்பீடு சென்றடையாதோர்க்கு அதனை வழங்குமாறு 2025 ஜனவரியிலும் ஆணையிட நேர்ந்தது. தொழில் பல்லாயிரவருக்குச் சோறு தந்தது உண்மை. கிணறு கெட்ட உழவனின் பிள்ளையும் நம் மாவட்டத்துப் பிள்ளையே என்பதும் உண்மை. பிறருக்குரிய ஹக்கைத் தீர்ப்பது தர்மத்துக்கு முந்தியது என ஃபிக்ஹு கற்பிக்கிறது. அக்கிராமங்களின் பள்ளிகளுக்கும், ஜவ்வாது மலையின் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு போன்ற பழங்குடி ஊர்களின் பள்ளிகளுக்கும் நம் கொடை மதம் நோக்காது செல்லுமாயின், அதனை வள்ளன்மை என்பதினும் நீதியின் ஒரு பகுதி என்பதே பொருந்தும்.

ஆகவே அடுத்த ஆண்டு மலரைத் தொகுப்போருக்கு ஒரு வேண்டுகோள். வள்ளல்களின் நிழற்படங்கள் இருக்கட்டும். அவற்றோடு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஆண்டின் தொடக்கத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கத் தெரியாதிருந்தனர், ஆண்டின் முடிவில் எத்தனை பேர் படிக்கின்றனர் என்னும் இரு எண்கள் மட்டும் அதில் இருந்தால் போதும். பத்ருக் கைதிகளிடம் கேட்கப்பட்ட கணக்கு அதுவே.