உகாரமும் ஆனையும்: திர்யக்குகளின் வழக்கில் நம் வ்யாக்யானங்கள்

நம் பூர்வாசார்யர்கள் விலங்குகளுக்குப் பேரிடும் முறை உலகவழக்கோடு ஒட்டாதது. ஜடாயுவை அவர்கள் கழுகென்று சொல்லி நிறுத்துவதில்லை, பெரியவுடையார் என்பர். அநுமன் திருவடி, ஸுக்ரீவன் மஹாராஜர், மடுவில் முதலைவாய்ப்பட்ட யானை ஸ்ரீகஜேந்த்ராழ்வான். ஆழ்வான் என்ற சொல் பரதனுக்கும் விபீஷணனுக்கும் கூரத்தாழ்வானுக்கும் வழங்குவது. அதே சொல்லை நாற்கால் விலங்கொன்றுக்கு இட்டு அழைத்த ஸம்ப்ரதாயம் இது. காலக்ஷேப கோஷ்டியில் இவை காதுக்குப் பழகிப்போனதனால் இவற்றின் கனம் நமக்குத் தெரிவதில்லை.

இக்கனத்தை நம் கட்டுரைகள் எப்படிப் பயன்படுத்தி வந்திருக்கின்றன என்று பார்த்தால் ஒரு குறை தென்படுகிறது. பெரியவுடையாருக்குப் பெருமாள் ஈமக்கிரியை செய்தருளியதை எடுக்கும்போதெல்லாம் நாம் கைமுதிக ந்யாயத்துக்குத் தாவிவிடுகிறோம். பறவைக்கே அந்த ஏற்றமென்றால் தாழ்ந்த குலத்துப் பாகவதனுக்குக் கேட்கவேண்டுமோ என்று முடிக்கிறோம். ஜாதி நிர்ஹரணத்துக்கு அது மிக வலிய வாதம். அதைக் குறைத்துப் பேசுவது அடியேனுக்கு நோக்கமன்று. ஆயினும் அவ்வாதத்தில் பறவை ஒரு படிக்கட்டு மட்டுமே. மிதித்து மேலேறியபின் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மநுஷ்யர்களுக்குள் ஏற்றத்தாழ்வு தீர்ந்ததும் வழக்கு முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். பறவையின் வழக்கு எடுக்கப்படாமலே கிடக்கிறது.

திருமங்கையாழ்வார் அப்படி எழுந்திருக்கவில்லை. பெரிய திருமொழி ஐந்தாம் பத்து எட்டாந்திருமொழியில் திருவரங்கத்தெம்பெருமானைச் சரணம் புகும்போது அவர் சாக்ஷிகளாக நிறுத்துவோரின் வரிசையைப் பாருங்கள். முதலில் குஹப்பெருமாள்; அடுத்துத் திருவடி; மூன்றாவது கஜேந்த்ரன்; நான்காவது கருடனுக்கு அஞ்சி வந்த ஸுமுகன் என்னும் பாம்பு. இவர்களுக்கு நீ செய்ததை அறிந்து நானும் வந்தேன் என்கிறார். இங்கே மநுஷ்யன் விலங்கின்மேல் ஏறி நிற்கவில்லை. விலங்குகளுக்குப் பின்னால் வரிசையில் வந்து நிற்கிறான்.

அவற்றுள் பாம்பின் கதை நம் விஷயத்துக்கு மிக அணுக்கமானது. பாம்பு கருடனுக்கு இரை; அது இயற்கையாக அமைந்த உறவு. எம்பெருமான் அப்பாம்பை எங்கோ ஒளித்துவைக்கவில்லை; பெரிய திருவடியின் கையிலேயே அடைக்கலமாகக் கொடுத்தான். நலியக்கூடியவனிடமே காக்கும் பொறுப்பை வைத்தான். வலியவனுக்கு எளியவன்மேல் உள்ள சக்தி அங்கே இரையுரிமை என்ற பெயரை இழந்து காவற்கடமை என்ற பெயரைப் பெறுகிறது. இத்திருமொழியை ஶரணாகதியின் ஏற்றம் சொல்ல மட்டும் எடுக்கும் நாம், பெரிய திருவடிக்கு அன்று இடப்பட்ட கட்டளை இன்று யார்மேல் விழுகிறது என்று கேட்பதில்லை.

கேட்கவேண்டிய இடம் ஒன்றைச் சொல்கிறேன். போடிநாயக்கனூருக்கு மேற்கே, கொட்டகுடியாறு இறங்கி வரும் சரிவில் குரங்கணி இருக்கிறது. அணிவகுத்த குரங்குகளை நினைவூட்டும் அவ்வூர்ப் பெயரைக் கேட்டதும் வானர ஸேனை நெஞ்சில் தோன்றாத வைஷ்ணவர் இருக்கமாட்டார். அதற்குமேல் கொழுக்குமலை, மலைமுகட்டைத் தாண்டினால் கேரளத்துச் சூரியநெல்லி, சின்னக்கானல், ஆனையிறங்கல். போடிமெட்டு வழியாக அந்த ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் போய்வரும் கூலியாட்கள் போடிப் பக்கத்துத் தமிழர்கள். ஆனையிறங்கல் என்ற பெயரே வழக்கின் முதற்சாட்சி. யானை இறங்கி நீருண்ட இடத்தில் பின்னர் அணை வந்தது, தோட்டம் வந்தது, குடியிருப்பு வந்தது. யானை வருவதை மட்டும் நாம் அத்துமீறல் என்கிறோம்.

அந்தச் சின்னக்கானலில் திரிந்த ஒற்றை ஆண்யானைக்கு அரிக்கொம்பன் என்று பேர். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதனால் வந்த பேர் அது. அதனால் வீடிழந்தவரும் உயிரிழந்தவரும் ஏழைகள். தோட்ட முதலாளிகள் அல்லர், இதையும் மறக்கலாகாது. அதைப் பிடித்துக் கும்கியாக்குவது என்று வனத்துறை முதலில் முடிவு செய்தது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போக, அடிமைப்படுத்தலை விடுத்து வேறு காட்டில் கொண்டுபோய் விடச் சொன்னது நீதிமன்றம். 2023 ஏப்ரல் 29-இல் மயக்க ஊசிகள் செலுத்தி, நான்கு கும்கிகளைக் கொண்டு லாரியில் ஏற்றி, கழுத்தில் ரேடியோ காலர் பூட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மேகமலைப் பக்கம் நடந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் என்று 2021-இல் ஆண்டாள் அவதரித்த ஊரின் பேரைத் தாங்கிய காடு அது. மே 27-இல் கம்பம் ஊருக்குள் புகுந்தது. 144 தடை வந்தது. காயமுற்ற ஒருவர் இறந்தார். ஜூன் 5-இல் மறுபடி ஊசி, மறுபடி லாரி. களக்காடு–முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். 37 நாள் இடைவெளியில் இரண்டு முறை மயக்கிக் கட்டப்பட்ட ஒரு ஜீவன்.

இதை ரக்ஷணம் என்றே எல்லாரும் சொன்னார்கள். இச்சொல்லைப் பரிசோதிக்க நமக்கு வெளியிலிருந்து அளவுகோல் வேண்டா, பாஷ்யகாரரே தந்திருக்கிறார். கீதாபாஷ்யத்தில் இரண்டாம் அத்யாயத்திலும், ஸ்ரீபாஷ்யத்தில் மூன்றாம் அத்யாயத்து முதற்பாதத்திலும் அக்நீஷோமீய பசுவின் விஷயம் வருகிறது. யாகத்தில் பசுவைக் கொல்வது ஹிம்ஸையன்று என்று எம்பெருமானார் ஸாதிக்கிறார். இவ்விடத்தைக் காட்டி நம் ஸம்ப்ரதாயத்தில் விலங்குக்கு நியாயம் இல்லை என்று சொல்வோரும் உண்டு. இவ்விடத்தைக் கண்டு கூசி மறைப்போரும் உண்டு. இரு சாராரும் அவர் காட்டும் காரணத்தை விட்டுவிடுகிறார்கள். அப்பசுவுக்கே தாழ்ந்த உடல் நீங்கி மேலான கதி வருவதாக ஶ்ருதி சொல்லுவதால், நோயாளிக்கு வைத்தியன் செய்யும் ஶஸ்த்ர சிகித்ஸைபோல் அது ரக்ஷணமே என்பது அவர் வாதம்.

வாதத்தின் கட்டுக்கோப்பைக் கவனிக்க வேண்டும். யஜமானனுக்குப் பலன் உண்டு என்பதனால் ஹிம்ஸாதோஷம் நீங்கிற்று என்று அவர் சொல்லவில்லை. உலகுக்கு க்ஷேமம் என்பதையும் காரணமாக்கவில்லை. துக்கம் எந்த ஜீவனுக்கு விளைந்ததோ, அந்த ஜீவனுக்கே அதைவிடப் பெரிய நன்மை வந்தாக வேண்டும். அதற்கு ஶாஸ்த்ரமே ப்ரமாணமாக வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் வைத்தியன் உவமை நிற்காது. ஒருவன் நோய்க்கு இன்னொருவன் உடலை அறுப்பதை யாரும் சிகித்ஸை என்பதில்லை. ஆக, விலங்குக்குப் பாதகமாகக் காட்டப்படும் அவ்விடமே விலங்கின் துக்கத்தை விலங்கின் கணக்கிலேயே தீர்க்கவேண்டும் என்ற கடுமையான விதியைச் சொல்வதாக முடிகிறது. அரிக்கொம்பனை இடம்பெயர்த்ததன் பலன் பெரிதும் ஊராருக்கு. அது வேண்டியிருந்திருக்கலாம். கூலிக்காரர் உயிரைக் காக்க வேறு வழி அன்று இல்லாதிருந்திருக்கலாம். ஆயினும் அதற்கு ரக்ஷணம் என்று பேரிட்டால் அந்த யானைக்கு நாம் கடன்பட்டிருப்பது மறைந்துபோகிறது. ஸ்ரீவசனபூஷணத்தில் பிள்ளைலோகாசார்யர் அக்ருத்யகரணங்களை எண்ணும்போது பரஹிம்ஸையை முதலில் வைக்கிறார். பேரை மாற்றிவிட்டால் அப்பட்டியலிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைப்பது நமக்குத் தகாது.

இனி நீதி என்ற சொல். 2014 மே 7-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்சநீதிமன்றம் விலங்குகளுக்கு அவற்றுக்கேயுரிய மதிப்பும் மாண்பும் உண்டு என்ற திசையில் தீர்ப்பளித்தது. 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் திருத்தச் சட்டத்தை ஏற்று, அரசமைப்பு விலங்குகளுக்கு அடிப்படை உரிமை தருவதாகக் கொள்ள முன்னுதாரணம் இல்லை என்றது. அரிக்கொம்பன் கம்பத்துக்குள் வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. இடையில் 2022 ஏப்ரலில், மேகமலை வனநிலப் பட்டா தொடர்பான வழக்கொன்றில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கைக்கே சட்டநபர் நிலையைக் கொடுத்தது. நீதிமன்றங்களின் கருத்து இன்னும் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

நம்மவரிடம் எழும் பூர்வபக்ஷம் வேறு. ஜீவாத்மாவின் ஸ்வரூபம் ஶேஷத்வமும் பாரதந்த்ர்யமும். அப்படியிருக்க உரிமை என்ற பேச்சே ஸ்வாதந்த்ர்ய வாஸனையன்றோ? மநுஷ்யனுக்கே உரிமை இல்லாதபோது மிருகத்துக்கு எங்கிருந்து வரும்? கேட்கத்தக்க கேள்விதான். இதற்கு விடை திருமந்த்ரத்தின் முதற்பதத்திலேயே இருக்கிறது. முமுக்ஷுப்படியில் மகாரத்தை விளக்குமிடத்தில், அது ஜாத்யேகவசனம் என்றும் ஆத்மவர்க்கம் முழுவதையும் சொல்லுகிறது என்றும் பிள்ளைலோகாசார்யர் நிர்ணயிக்கிறார். பத்தர், முக்தர், நித்யர் எல்லாரும் அதனுள் அடங்குவர் என்றால், பத்தருள் யானையுடல் பெற்றவரும் குரங்குடல் பெற்றவரும் அடங்காமல் எங்கே போவர்? உகாரமோ, எம்பெருமான் ஒழிந்த மற்றையோருக்கு ஶேஷமாயிருத்தலைக் கழிக்கிறது. எனவே மகாரத்தால் சொல்லப்பட்ட யானை உகாரத்தால் மநுஷ்யனிடமிருந்து விடுபட்டது. நாம் நாள்தோறும் அநுஸந்திக்கும் மந்த்ரம், யானை நம்முடைய உடைமையன்று என்று நாள்தோறும் சொல்லுகிறது.

விலங்கின் வழக்கு ஶேஷியான எம்பெருமானுக்கு எதிரானதன்று. அவன்முன் யாருக்கும் உரிமையில்லை. அவன் க்ருபை நிர்ஹேதுகம். வழக்கு, சக ஶேஷனாயிருந்துகொண்டு ஸ்வாமிபோல் நடக்கும் நமக்கு எதிரானது. அந்த இடத்தில் அது முழு நியாயம் உடையது. ததீயஶேஷத்வத்தைக் காட்டித் தப்பலாமோ என்றால், அது என்னைப் பாகவதர்களுக்கு அடிமையாக்குமே தவிர, மற்றொரு ஜீவனை எனக்கு அடிமையாக்கும் சாஸனமாகாது.

வாலிவதம் இவ்வழக்கின் பழைய நீதிமன்றம். வால்மீகி காட்டும் பெருமாள், மலையும் காடும் உட்பட இப்பூமி இக்ஷ்வாகு வம்ஶத்தாருடையது, மிருகம், பறவை, மநுஷ்யர் ஆகிய எல்லாருக்கும் நிக்ரஹமும் அநுக்ரஹமும் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்கிறார். அதே ஸர்க்கத்தில், நீ கிளைவாழ் மிருகம், வேட்டையில் மறைந்தெய்தல் குற்றமன்று என்றும் சொல்கிறார். இவ்விரண்டு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்துவது கடினம். தர்மம் தப்பியதற்காகத் தண்டிக்கத்தக்கவன் வேட்டைப்பொருளாகமாட்டான். வேட்டைப்பொருளுக்கு தர்மம் தப்பிய குற்றம் ஒட்டாது. கம்பநாட்டாழ்வாருக்கு இந்த முடிச்சு தெரிந்திருக்கிறது. தான் விலங்கு, தனக்கு மணநெறி இல்லை என்று வாலி சொல்லும்போது, நன்மைதீமை அறிந்தவன் விலங்கல்லன் என்று பெருமாள் மறுக்கிறார். ஆனையையும் கழுகரசையும் சான்று காட்டுகிறார். மறைந்தெய்ததற்கு விடை சொல்லும் பணியை இளையபெருமாளிடம் விடுகிறார் கம்பர்.

எது எப்படியாயினும் ஒன்று இரண்டு ராமாயணங்களிலும் பொது. அடிபட்டு விழுந்த குரங்கு சக்ரவர்த்தித் திருமகனைக் கேள்வி கேட்கிறது. அவர் வில்லை ஊன்றி நின்று விடை சொல்கிறார். கேட்க உனக்கு அதிகாரமில்லை என்று அவர் சொல்லவில்லை. நிக்ரஹத்துக்கு ஆளாகிறவன் விசாரணைக்கும் ஆளாவான், அநுக்ரஹத்துக்கும் ஆளாவான். அரிக்கொம்பன் விஷயத்தில் நிக்ரஹம் இருமுறை நடந்தது. அநுக்ரஹத்தின் பகுதி, அதாவது யானை இறங்கிவந்த பழைய வழியையும் அவ்வழியில் குடியமர்த்தப்பட்ட ஏழைகளுக்கு மாற்றுநிலத்தையும் பற்றிய பேச்சு, மிக மெல்லிய குரலில்தான் கேட்டது. (காண்டவ தஹனம் இதைவிடக் கடினமான இடம். 2018 மார்ச் 11-இல் குரங்கணிச் சரிவு பற்றியெரிந்து மலையேறச் சென்றோர் மாண்டதை நினைக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் வருகிறது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.)

கடைசியாகக் கஜேந்த்ராழ்வானின் துக்கம். தன் உடல் அழிவதற்கு அவன் வருந்தவில்லை, கையிலிருந்த தாமரை செவ்வி குன்றுமுன் திருவடியில் சேராதே என்றே வருந்தினான் என்பது நம் பெரியோர் நிர்வாஹம். ரஸமானது, அதை விடமுடியாது. ஆனால் இதை அரைகுறையாய்க் கேட்டவர், யானைக்கு உடல்வலி ஒரு பொருட்டன்று என்று கொண்டுவிடுகிறார்கள். பட்டர் ஸ்ரீரங்கராஜஸ்தவத்தில் அன்று எம்பெருமான் கொண்ட த்வரைக்கே நமஸ்காரம் சமர்ப்பிக்கிறார். மோக்ஷம் கொடுப்பதானால் பரமபதத்தில் இருந்தபடியே ஸங்கல்பிக்கலாம். கால் முதலையின் வாயில் இருந்ததனால்தான் விரைவு வேண்டியிருந்தது. பூவைப்பற்றிய வருத்தம் யானையினுடையது. காலைப்பற்றிய வருத்தம் பெருமாளுடையது. ஆனையின் வைராக்யத்தை எடுத்து ஆனையின் வலியை நாம் அலட்சியம் செய்தால், அவ்விரண்டில் யாருடைய திருவுள்ளத்தையும் அறிந்தவர்களாக மாட்டோம்.

இது திருக்கோயில்களுக்கும் பொருந்தும். கோயில்களும் தனியாரும் இனி யானைகளை வாங்கலாகாது என்ற நிலையை 2023-இல் மதுரைக் கிளை எடுத்தபோது, கைங்கர்யத்துக்கு இடையூறு என்று வருந்தினவர் நம்மில் பலர். இப்போது இருக்கும் யானைகளை அன்போடு பேணும் பாகர்களும் பல ஊர்களில் உண்டு; அவர்களைக் குறித்து இங்குப் பேச்சில்லை. திருவநந்தாழ்வானும் பெரிய திருவடியும் செய்யும் அடிமை அவர்கள் உகந்து செய்வது. உகப்பில்லாத அடிமையைக் கைங்கர்யம் என்று எந்த வ்யாக்யாதாவும் சொன்னதாகத் தெரியவில்லை. குட்டியில் பிரிக்கப்பட்டு, அங்குசத்தால் பழக்கப்பட்டு, கருங்கல் தளத்தில் சங்கிலியோடு நிற்கும் ஜீவனின் உகப்பை எதைக்கொண்டு அறிவது என்பதைக் கபிஸ்தலத்துக் கஜேந்த்ரவரதன் ஸந்நிதியில் சேவித்து நிற்கும்போதாவது நாம் கேட்டுக்கொள்ளலாம்.