மறைந்திருப்பவையும் ஒரு தாயின் சொல்லும்

அரபு மொழியில் ஜீம், நூன், நூன் என்னும் மூவெழுத்து வேருக்கு ‘மறைத்தல்’ என்பதே அடிப்படைப் பொருள். கண்ணுக்குப் புலப்படாத படைப்பு ஜின். அறிவு திரையிடப்பட்டவன் மஜ்னூன். தாயின் கருவறைக்குள் மறைந்திருக்கும் சிசு ஜனீன். ஸர்ஃப் வகுப்பில் பல்லாண்டுகளாக இவற்றைத் தனித்தனி எடுத்துக்காட்டுகளாகவே மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். புலப்படாத பகை, பித்து என்னும் ஐயம், தாயின் குழந்தை ஆகிய மூன்றும் ஒரே வீட்டிற்குள் குடியிருக்கக் கண்டது, பாபக் அன்வரி 2016ஆம் ஆண்டில் பாரசீக மொழியில் உருவாக்கிய ‘ஸீரே ஸாயே’ (நிழலின் கீழ்) என்னும் திரைப்படத்தில்தான்.

கதைக்களம் 1988ஆம் ஆண்டின் தெஹ்ரான். ஈரான் - ஈராக் போரின் இறுதிக் கட்டம். ‘நகரங்களின் போர்’ எனப்பட்ட அந்நாள்களில் ஈராக்கின் ஏவுகணைகள் தலைநகரையே தாக்கின. ஷீதே மருத்துவம் பயின்றவள். புரட்சிக் காலத்தில் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டவள் என்பதால் அவளது படிப்பைத் தொடரப் பல்கலைக்கழகம் அனுமதி மறுக்கிறது. அதிகாரி அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் பின்னாலுள்ள சாளரத்தில் தொலைவில் ஒரு குண்டு வெடிக்கிறது. மருத்துவரான கணவன் போர்முனைக்கு அழைக்கப்பட, மகள் துர்ஸாவுடன் அவள் தனித்து விடப்படுகிறாள். மேல்மாடியில் விழுந்த ஏவுகணை வெடிக்காமலேயே ஓர் உயிரைக் குடிக்கிறது. அதன்பின் மகளின் ‘கீமியா’ என்னும் பொம்மை காணாமற்போகிறது. அது கிடைக்காமல் வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள் குழந்தை. அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வெளியேறுகின்றனர்.

குழந்தையை இழக்கும் தாயைப் பற்றிய உளவியல் அச்சப் படங்களுக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. ஓட்டோ பிரெமிங்கரின் ‘பன்னி லேக் இஸ் மிஸ்ஸிங்’ (1965) படத்தில், இலண்டனுக்குப் புதிதாக வந்த தாய் தன் மகளைக் காணவில்லை என்கிறாள். அப்படியொரு மகள் இருந்தாளா என்றே காவல்துறை ஐயுறுகிறது. அங்கும் ஒரு பொம்மைதான் சாட்சி. ‘ஃபிளைட்பிளான்’ (2005) அதே ஐயத்தை விமானத்திற்குள் ஏற்றிற்று. (அதில் தாய் முதலில் குற்றஞ்சாட்டுவது அரபுப் பயணிகளை என்பதையும், இறுதியில் அவர்களுள் ஒருவர் அவளது பையை எடுத்துக் கொடுப்பதோடு கணக்குத் தீர்க்கப்படுகிறது என்பதையும் நாம் மறக்கவில்லை.) இவ்விரு படங்களிலும் குற்றவாளி பிடிபட்டவுடன் தாயின் சொல் மெய்ப்பிக்கப்படுகிறது, பார்வையாளர் நிம்மதியுடன் எழுந்து செல்லலாம்.

அன்வரி அந்த நிம்மதியைத் தரவில்லை. ஷீதேவை நம்பாதவர் பட்டியலில் பல்கலைக்கழகமும் கணவனும் மட்டுமல்லர், அவளும் இருக்கிறாள். ஜின் என்பதை மூடநம்பிக்கை என ஒதுக்கிய அறிவே அவளுக்கு எஞ்சியிருக்கும் உடைமை. தன் கண்ணை நம்பினால் அதை இழக்க வேண்டும். நம்பாவிட்டால் மகளை இழக்க வேண்டும். படத்தின் உண்மையான அச்சம் இந்த இக்கட்டில்தான் இருக்கிறது. ஓரிரவு குழந்தையைத் தூக்கிக்கொண்டு முக்காடின்றித் தெருவில் ஓடும் அவளை ரோந்துப் படையினர் பிடிக்கின்றனர். எதைக் கண்டு ஓடி வந்தாள் என்பதைக் காட்டிலும் என்ன உடுத்தியிருக்கிறாள் என்பதே அங்கே விசாரணை. படத்தில் நம்மை மிகவும் கலங்க வைத்த காட்சி இது. இதில் ஜின் இல்லை.

ஆகவேதான், பின்னர் அப்பகை காற்றில் மிதக்கும் சாதராக உருக்கொள்வது நமக்கு ஏமாற்றமளித்தது. முதற்பார்வையில் அது சமய உடையை இகழ்வதாகவே தோன்றிற்று. மறுமுறை பார்த்தபோது, துணியை அன்று, அதைத் திணித்த கையையே இயக்குநர் சுட்டுகிறார் என ஏற்றுக்கொண்டோம். எனினும் கலைக்குறை நீங்கவில்லை. மறைந்திருப்பதன் வலிமை மறைந்திருப்பதில்தான்; அதற்கு உருவம் தந்தவுடன், இறுதிப் பகுதி வழக்கமான திடுக்கிடல்களின் தொகுப்பாகச் சுருங்கிவிடுகிறது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இப்படத்தில் நம்பிக்கை அச்சமாக மட்டுமே வருகிறது. ஜின்களைப் பற்றி அறிந்த அண்டை வீட்டாரிடம் எச்சரிக்கை உண்டு, ஆறுதல் இல்லை. திருக்குர்ஆன் காட்டும் மூஸா நபியின் அன்னையும் குழந்தையை ஆபத்தில் விட்ட தாய்தான். ஆற்றில் விட்ட பின் அவரது உள்ளம் வெறுமையாகிப் போனதை ‘அல்கஸஸ்’ அத்தியாயம் மறைக்கவில்லை. அவரது சொல்லையோ அறிவையோ அங்கு எவரும் ஐயுறவில்லை. மாறாக உள்ளம் உறுதிப்படுத்தப்படுகிறது. ஷீதேவுக்கு அத்தகைய ஒரு குரல்கூட வாய்க்கவில்லை. இது இயக்குநரின் பார்வைக் குறையா, அக்காலத் தெஹ்ரானில் தனித்து விடப்பட்ட ஒரு பெண்ணின் உண்மை நிலையா என்பதில் நமக்கு இன்னும் தெளிவு ஏற்படவில்லை.

தாயும் மகளும் ஒருவாறு தப்பிக் காரில் ஏறிச் செல்கின்றனர். உரியவரின் பொருள் ஒன்று தன் வசம் இருக்கும்வரை ஜின் பின்தொடரும் என்று படத்தில் முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. வெறுமையான அந்த வீட்டில் பொம்மையின் தலை கிடக்கிறது. ஷீதேயின் மருத்துவ நூல் ஒன்றும் கிடக்கிறது.