விடுபட்ட எழுத்து: 'தி பிளெட்ச்லி சர்க்கிள்' தொடரில் மௌனமும் புலனாய்வும்

இரண்டாம் உலகப்போரில் பகைவரின் மறைசெய்திகளை உடைத்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தில் பணியாற்றியோருள் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். போருக்குப் பின்னரும் தம் பணியைக் குறித்துக் கணவரிடம்கூட அவர்கள் வாய்திறத்தல் இயலாதிருந்தது. 1970களின் இடைப்பகுதியில்தான் அக்கட்டு தளர்ந்தது. கை பர்ட் உருவாக்கி, 2012இலும் 2014இலும் பிரித்தானியாவின் ஐ.டி.வி.யில் ஒளிபரப்பான இத்தொடர் அவ்வாய்ப்பூட்டையே கதைக்கருவாகக் கொள்கிறது.

முதற்பகுதி தொடர்கொலைகளைப் பற்றியது. மறைகுறியீட்டைத் திறப்பதற்கு அடிப்படை, ஒன்று மீண்டும் மீண்டும் வருதல். கொலைகள் பல என்பதால் சூசன் அவற்றுள் ஓர் ஒழுங்கைக் காண முடிந்தது. 1953இல் நிகழும் இரண்டாம் பகுதியிலோ கொலை ஒன்றே. அறிவியலாளர் ஜான் ரிச்சர்ட்ஸைக் கொன்றதாகப் பழைய தோழி ஆலிஸ் மெரன் தூக்குத்தண்டனையை எதிர்நோக்குகிறாள். தன் தரப்பில் அவள் ஏதும் கூறுவதில்லை. ஒப்பிட்டு நோக்க இரண்டாவது நிகழ்வே இல்லாத இடத்தில் இப்பெண்களின் கலை என்ன செய்யும் என்பதே இப்பகுதி எழுப்பும் வினா.

இதற்கான விடை பிளெட்ச்லியின் வரலாற்றிலேயே உண்டு. எனிக்மா பொறி எந்த எழுத்தையும் அதே எழுத்தாக மாற்றித் தராது. இத்தாலியக் கடற்படையின் நீண்ட செய்தியொன்றில் 'எல்' என்னும் எழுத்து ஓரிடத்தும் வாராமையை மேவிஸ் லீவர் கண்டார். அனுப்பியவர் சோதனைக்காக அவ்வெழுத்தையே தொடர்ந்து அழுத்தியிருக்கிறார் என்பது அவர் துணிபு. இல்லாமையே அங்குச் சான்றாயிற்று. ஆலிஸின் மௌனமும் இத்தகையதே. அவள் சொல்லாது விடுவது தன்னைப் பற்றியதன்று. பிறந்தபோது பிறரிடம் வளர ஒப்படைத்த மகளைப் பற்றியது. அம்மகளே கொன்றாள் எனப் பிழைபட நம்பி, அவளுக்காகவே அவள் வாய் மூடியிருக்கிறாள்.

எனினும், கதாசிரியர் இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. மகளைப் பற்றிய உண்மை வெளிப்பட்டதும் கதை, இராணுவ இரகசியத்தை மூடிமறைக்கும் சூழ்ச்சியை நோக்கி விரைகிறது. அறிந்துணரும் இன்பம் அங்கே குன்றுகிறது. சூழ்ச்சிக் கதைகள் எங்கும் மலிந்தவை. மௌனத்தைப் படிக்கும் கதை அரிது.

தூக்குக்கயிறு இங்கு வெறும் பரபரப்புக் கருவியன்று. தன் குழந்தையைக் கொன்றதாக 1950இல் தூக்கிலிடப்பட்ட திமதி எவன்ஸின் வழக்கில் அரசுத்தரப்புச் சாட்சியாக நின்ற கிறிஸ்டியே பல பெண்களைக் கொன்றவன் என்பது 1953இல் வெளிப்பட்டது. எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1966இல். காலந்தாழ்ந்த உண்மை எவரையும் மீட்காது என்பதை அக்கால இலண்டன் நேரில் கண்டிருந்தது.

இதனினும் நுட்பமானது மற்றொரு முரண். தாம் கண்டதை எவ்வாறு கண்டோம் என்று இப்பெண்கள் அதிகாரிகளிடம் விளக்க இயலாது. போர்க்காலத் திறமைக்குச் சான்றாகக் காட்ட ஒரு தாளும் இல்லை; கேட்போர்க்கு அவர்கள் இல்லத்தரசியர், நூலகப் பணியாளர், அவ்வளவே. சிறைக்குள் ஆலிஸ் விரும்பிப் பூண்ட மௌனத்தைச் சிறைக்கு வெளியே தோழியர் சட்டத்தால் பூண்டிருக்கின்றனர்.