மடிக்கணினியின் வேகமும் சேலத்து வெயிலும்: ஒரு விமர்சனம்

சேலத்திற்குத் தெற்கே, ஜருகுமலையை அடுத்துள்ள பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் ஏப்ரல் மாதப் பிற்பகல் எப்படியிருக்கும் என்பதை அங்குள்ளோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழலிலேயே வெப்பநிலை 37, 38 பாகை செல்சியஸ் இருக்கும். 40-ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. தகரமோ சிமெண்ட் அட்டையோ வேய்ந்த வீடாயின் உள்ளே அதற்கும் மேல். இத்தகைய வீட்டில் ஒரு மாணவர் மடிக்கணினியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்து நிமிடம் ஒழுங்காக வேலை நடக்கும். பின்னர் உள்ளிருக்கும் விசிறி இரையத் தொடங்கும். அடிப்பாகம் தொடையில் வைக்க முடியாதபடி சுடும். எழுத்தைத் தட்டினால் திரையில் வருவதற்கு நேரமாகும். மறுநாள் விடியற்காலையில் அதே இயந்திரம் ஒரு குறையுமின்றி ஓடும்.

பழுது பார்க்கும் கடைக்குப் போனால் பெரும்பாலும் மூன்று தீர்ப்புகளுள் ஒன்று கிடைக்கும்: “பார்மட் பண்ண வேண்டும்”, “ராம் போதாது”, “பழைய மாடல், மாற்றிவிடுங்கள்”. சில சமயம் இவை சரியாகவும் இருக்கலாம். ஆனால் காலையில் ஓடி மாலையில் தள்ளாடும் இயந்திரத்துக்கு இவற்றுள் எதுவும் பொருந்தாது. நினைவகம் பொழுது பார்த்துச் சுருங்குவதில்லை அல்லவா? வெப்பமானியைப் பார்க்காமலே சொல்லப்படும் தீர்ப்பு இது. வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து எழுதுவதற்கு ஒப்பானது. இதனால் பல குடும்பங்கள் வீணாகப் புதிய இயந்திரம் வாங்கிக் கடன்படுகின்றன என்பதால்தான் இதை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

செயலி எனப்படுவது விரல் நகமளவு சிலிக்கன் சில்லு. அதிலுள்ள கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல நூறு கோடி தடவை திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு தடவையும் சிறிது வெப்பம் பிறக்கிறது. சாதாரண மடிக்கணினிச் செயலி ஒன்று 15 வாட் அளவுக்கு வெப்பம் வெளிவிடும். பழைய குண்டு பல்போடு ஒப்பிட்டால் இது அற்பந்தான். ஆனால் அவ்வளவும் ஒரு நகமளவு இடத்தில் பிறக்கிறது என்பதே சிக்கல். அந்த வெப்பம் சில்லின்மேல் பூசிய பசையைக் கடந்து, செம்புத் தகட்டில் ஏறி, வெப்பக் குழாய் வழியே சென்று, மெல்லிய உலோக இதழ்களில் பரவி, விசிறிக் காற்றோடு வெளியேற வேண்டும். வெப்பக் குழாய் அழகான ஏற்பாடு. மூடிய செம்புக் குழாயினுள் குறைந்த அழுத்தத்தில் சிறிதளவு நீர் இருக்கும்; அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் 1963-இல் இதைச் செய்து காட்டினார்.

செயலிக்குள்ளேயே ஒரு வெப்ப உணர்வியும் உண்டு. வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகையை நெருங்கினால் (இந்த எல்லை வகைக்கு வகை சிறிது மாறும்) செயலி தன் துடிப்பு வேகத்தையும் மின்னழுத்தத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. பிறக்கும் வெப்பம் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் இருப்பதால் பலன் பெரிது. இரண்டையும் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வெப்பம் பாதியாகிவிடும். 0.8-ஐ மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், 0.512 வரும். ஆகவே வேகக் குறைவு என்பது நோயன்று, தற்காப்பு. இதன் அருமை 2001-இல் வெளிப்பட்டது. ‘டாம்ஸ் ஹார்ட்வேர்’ என்ற கணினி இதழினர் ஓடிக்கொண்டிருந்த செயலிகளின்மேல் இருந்த குளிர்விப்பானைக் கழற்றிப் படம் பிடித்தனர். பென்டியம் 4 வேகத்தைத் தணித்துக்கொண்டு தப்பியது. அக்காலத்து அத்லான் செயலி புகைந்து அழிந்தது.

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ஏரியில் நீர்மட்டம் மதகுக்கு வெளியே உள்ளதைவிட உயர்ந்திருந்தால்தான் நீர் பாயும். மதகில் மண் அடைத்தால், அதே அளவு நீர் பாய ஏரியின் மட்டம் இன்னும் உயர வேண்டும். வெப்பமும் இவ்வாறே. செயலியின் வெப்பநிலைக்கும் அறையின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாடே அதனை வெளியே தள்ளுகிறது. ஒரே வேலையைக் கொடுத்தால் இந்த வேறுபாடு காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

சுத்தமான இயந்திரம் ஒன்றில் அது 50 பாகை என்று கொள்வோம். விடியலில் அறை 27 என்றால் செயலி 77. பிற்பகலில் அறை 40 என்றால் செயலி 90. இரண்டும் எல்லைக்குள்தான். வெயில் மட்டும் இந்த இயந்திரத்தை முடக்கவில்லை. தூசி அடைத்து வேறுபாடு 70 ஆகிவிட்டால் விடியலில் 97, தப்பியது. பிற்பகலில் 110 ஆகவேண்டும். செயலி அதற்கு இடங்கொடாது. நூறில் நிற்க, வெப்பத்தை ஏழில் ஒரு பங்கு குறைக்க வேண்டிவரும். வேறுபாடு 100 வரை போன இயந்திரமோ விடியலிலேயே திணறும், பிற்பகலில் நத்தையாகும். எனவே பழியை முழுதும் சேலத்து வெயிலின்மேல் போடுவது நியாயமன்று. வெயில் கொடுப்பது 13 பாகை. மிச்சத்தைக் கொடுப்பது தூசியும் காய்ந்த பசையும். விசைத்தறி ஓடும் ஊர்களில் பஞ்சிழை வேறு சேர்ந்து, விசிறிக்கும் உலோக இதழ்களுக்கும் இடையே கம்பளித் துண்டு போலப் படிந்துவிடும். (சில இயந்திரங்கள் அடிப்பாகத்தின் சூட்டையும் அளந்து, நூறை எட்டுமுன்பே வேகத்தைக் குறைப்பதுண்டு.)

இதனை நீங்களே சோதிக்கலாம். வெப்பநிலையையும் துடிப்பு வேகத்தையும் காட்டும் ‘கோர் டெம்ப்’ போன்ற இலவச நிரல் ஒன்று போதும். அறைக்கு ஒரு சாதாரண வெப்பமானி. காலை 5 மணிக்கு, சேமித்து வைத்த ஒரு படத்தை முழுத் திரையில் 20 நிமிடம் ஓடவிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் 3 மணிக்கு அதையே செய்யுங்கள். வேலையை மாற்றாதீர்கள், மேசையையும் மாற்றாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. விடியலில் இந்த இலகுவான வேலைக்கே வெப்பநிலை 95-ஐத் தொட்டால் பாதை அடைபட்டிருக்கிறது. பின்பக்கத்தை இரண்டு தீப்பெட்டி உயரம் தூக்கி வைத்து மீண்டும் பாருங்கள். சில பாகை குறைந்தால் அடியில் காற்று புகவில்லை என்று பொருள். மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்துப் படிப்போர் இதைச் செய்தே ஆகவேண்டும்.

சுத்தம் செய்வோர் மின்னேற்றியைப் பிடுங்கி, இயந்திரத்தை அணைத்து, மூடியைத் திறந்ததும் முதலில் மின்கல இணைப்பை நீக்குதல் வேண்டும். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் தூசியை எடுங்கள். பிடிக்காமல் பலமாக ஊதினால் அது தறிகெட்டுச் சுழன்று கெடும். பசை காய்ந்து பொருக்காயிருந்தால் பழையதைத் துடைத்துவிட்டு ஓர் உளுந்தளவு புதுப்பசை வையுங்கள். உத்தரவாதக் காலம் முடியாதவர்கள் இதை நிறுவனத்தாரிடமே விடலாம்.

கடைக்காரரைக் குறை சொன்னோம், தயாரிப்பாளரை விட்டுவிடலாமா? 2017-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-8250யூ செயலிக்கு இரண்டு வேகங்கள் உண்டு: அடிப்படை 1.6 ஜிகாஹெர்ட்ஸ், உச்சம் 3.4. பதினைந்து வாட் என்ற கணக்கு அடிப்படை வேகத்துக்கு உரியது. உச்ச வேகமோ பல இயந்திரங்களில் அரை நிமிட அளவே நீடிக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எது என்று சொல்லத் தேவையில்லை. மேலும் பல மடிக்கணினிக் கையேடுகளில் இயங்கு சூழலின் வெப்பநிலை உச்சம் 35 பாகை என்றே அச்சிட்டிருக்கும். அப்படியானால் பனமரத்துப்பட்டியில் கோடை மாதங்களின் பிற்பகல்களில் இந்த இயந்திரம் விதிமுறைக்கு வெளியே ஓடுகிறது! விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

விலை கூடினால் குறை தீரும் என்றும் நம்ப வேண்டாம். 2018 ஜூலையில் வெளியான ஆப்பிள் மேக்புக் புரோவின் கோர் ஐ9 வகை, கடும் வேலையில் வெப்பத்தால் அடிப்படை வேகத்துக்கும் கீழே இறங்கியதை ஒரு சோதனையாளர் படம் பிடித்துக் காட்டினார். வெப்ப நிர்வாக நிரலில் ஒரு பிழை இருந்ததென்று நிறுவனம் ஒப்புக்கொண்டு அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டது. மெல்லிய உடலையும் மிகுந்த வேகத்தையும் ஒருங்கே விற்பதில் உள்ள முரண் அது.

தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் இலட்சக்கணக்கில் இயந்திரங்கள் வாங்கப்பட்டன. இப்படி மொத்தமாக வாங்குவோர்க்கு நிபந்தனை விதிக்கும் வலு உண்டு. “40 பாகை அறையில், ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் நிலைத்து நிற்கும் வேகம் என்ன?” என்ற ஒரே எண்ணைப் பெட்டியின்மேல் அச்சிடச் சொன்னால் போதும், மற்ற எண்களை மாணவர்களே எடைபோட்டுக்கொள்வார்கள்.

வெப்பத் தற்காப்பையே முடக்கிவிடும் ‘தந்திரங்கள்’ சில வாய்மொழியாகப் பரவுகின்றன. குக்கரின் பாதுகாப்பு வால்வை அடைத்துவிட்டுச் சீக்கிரம் வேகட்டும் என்பது போன்றது இது. ஈரத்துணி விரிப்பதும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் அதனினும் கேடு. ஈரம் சுற்றுப்பலகையில் படியும்.

வெப்பநிலை 50, 60-இலேயே இருந்து, வேகம் மட்டும் 1 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கிடந்தால் குற்றம் வேறிடத்தில். மின்னேற்றி தன்னுடையதன்று என்று கண்டால் சில இயந்திரங்கள் வேகத்தை வெட்டிவிடும். சிக்கன மின் அமைப்பில் விடப்பட்டிருந்தாலும் அப்படியே. மின்கலம் உப்பித் தொடுபலகை மேலெழும்பியிருந்தால் மட்டும் மேற்சொன்ன எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்து, மின்னேற்றியைப் பிடுங்கி, மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ செய்யாமல் கடையில் ஒப்படைத்துவிடுங்கள்.