அவலோனின் மூடுபனி: நாவலும் திரைவடிவமும் பார்வையாளர் தீர்ப்பும்

ஆதர் மன்னன் பற்றிய கதைமரபுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த வடிவம் தந்தது, 1485இல் கக்ஸ்ரன் அச்சிட்ட தோமஸ் மலோரியின் நூலாகும். அதில் மன்னனின் சகோதரியான மோர்கன் சூழ்ச்சிக்காரியாகவே பெரிதும் சித்திரிக்கப்படுகிறாள். மரியன் சிம்மர் பிராட்லி 1983இல் வெளியிட்ட ‘அவலோனின் மூடுபனி’ என்னும் நாவல் இந்நோக்கைத் தலைகீழாக்கிற்று. மோர்கெய்ன் என்ற பெயருடன் அவளே அங்கு கதையின் மையமாகிறாள். பழைய தாய்த்தெய்வ வழிபாடு கிறிஸ்தவத்தின் முன் ஒடுங்குவது அவள் கண்வழியே காட்டப்படுகிறது.

இந்நாவலைத் தழுவி உலி எடல் நெறிப்படுத்திய தொலைக்காட்சிப் படம் 2001 யூலையில் அமெரிக்காவின் ரி.என்.ரி. நிலையத்தில் இரு பகுதிகளாக ஒளிபரப்பப்பட்டது. அது குறித்துப் பார்வையாளரிடையே எழுந்த கருத்துக்களை மூவகைப்படுத்தலாம். நாவலை வாசித்தோர், நான்கு பாகங்கொண்ட பெருநூல் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துள் சுருக்கப்பட்டதே குறை என்றனர். வாசியாதோர், விவியனாக நடித்த அஞ்செலிக்கா ஹூஸ்ரன் முதலியோரின் நடிப்பையும் காட்சியமைப்பையும் வியந்தனர். வேறு சிலர் கிறிஸ்தவம் இழித்துரைக்கப்பட்டதாகக் கருதினர்.

மூன்றாவது கருத்து படத்தின் முடிவைக் கவனத்திற் கொள்ளவில்லை. மரியன்னையின் வடிவில் தாய்த்தெய்வம் தொடர்ந்து வாழ்கிறாள் என்ற தெளிவையே மோர்கெய்ன் இறுதியிற் பெறுகிறாள். நாவலின் இந்த இணக்கத்தைப் படம் கைவிடவில்லை. இரண்டாவது கருத்து ஏற்கத்தக்கதெனினும், அது நடிப்பைப் பற்றியதேயன்றித் தழுவலைப் பற்றியதன்று.

முதலாவது கருத்தே விரிவாக ஆராயத்தக்கது. சுருக்கம் தன்னளவிற் குற்றமாகாது; எதைச் சுருக்கினர் என்பதே வினா. நாவலில் மோர்கெய்ன் தன் காதலனான அக்கோலனை ஆதருக்கு எதிராக ஏவுகிறாள். அச்சதியில் அவன் உயிரிழக்கிறான். மலோரியிலிருந்து பெற்ற இந்நிகழ்ச்சியைப் பிராட்லி நீக்கவில்லை. பழிக்கப்பட்டவளைக் குற்றமற்றவளாக்குவது அவர் நோக்கமன்று. அவள் குற்றத்தை அவளது நம்பிக்கையின் ஒளியில் விளங்கவைப்பதே நோக்கம். படத்திலோ அக்கோலன் சாக்சனியரின் கையில் மடிகிறான், சதி மறைகிறது. கெவின் என்னும் பாணனும் அவன் அழிவுக்கு மோர்கெய்ன் பொறுப்பாகும் பகுதியும் இடம்பெறவில்லை. தீமையின் பெரும்பங்கு மோர்கோஸ் என்னும் மற்றொரு பெண்ணின் தோளில் ஏற்றப்படுகிறது.

இதன் விளைவு மனங்கொள்ளத்தக்கது. ஒரு பெண்ணைப் பழியினின்று மீட்பதற்கு இன்னொரு பெண்ணைக் கொடியவளாக்க வேண்டியதாயிற்று. மலோரியின் சூழ்ச்சிக்காரி மறையவில்லை. பெயர் மட்டுமே மாறினாள். மோர்கெய்னோ, செயலாற்றித் தவறிழைத்து அதன் பாரத்தைச் சுமப்பவள் என்ற நிலையிலிருந்து, பிறர் செயல்களால் துன்புறுபவள் என்ற நிலைக்கு இறங்கிவிடுகிறாள். அனுதாபம் மிகுந்தது, ஆளுமை குறைந்தது.

ஆகவே, ‘பல பகுதிகள் விடுபட்டன’ என்ற வாசகரின் முறைப்பாடு நியாயமானதே. எனினும், அவர்கள் இழந்தது பக்கங்களை அன்று. பொறுப்புடைய ஒரு கதாநாயகியை. தழுவலின் நேர்மையை நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. மூலம் எந்த வினாவை எழுப்பிற்றோ, அவ்வினா திரையிலும் உயிர்ப்புடன் நிற்கின்றதா என்பதே அதற்குரிய அளவுகோல் எனலாம்.